மழை நின்ற பிறகும் நின்ற படம்: டிஷ் கேபிளுக்கு எஃப் கனெக்டர் போட்ட அனுபவம்

விக்கிரமசிங்கபுரத்தில் அம்மா இருக்கும் வீட்டின் மாடியில் உள்ள டிஷ்ஷுக்குப் புதிய கேபிள் இழுத்து, அதன் இரு முனைகளுக்கும் எஃப் கனெக்டரை (கேபிளை டிஷ்ஷிலும் பெட்டியிலும் திருகிப் பொருத்தும் சிறு உலோக முனை) நானே போட்டு முடித்து மூன்று வாரம் ஆகிறது. இடையில் நான்கு நாள் நல்ல மழை பெய்தும் படம் கட்டம் கட்டமாக உடையவில்லை என்பதால், இனி எழுதலாம் என்ற துணிவு வந்திருக்கிறது. முதல் முயற்சியில் முடிந்த வேலை இல்லை இது. பத்துக்கும் மேற்பட்ட கனெக்டர்களை வீணாக்கிய பிறகே கை பழகியது.

வீட்டில் இருப்பது மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் இணைப்பு. அம்மாவுக்கு வேண்டியது டிடி தமிழ். அந்தச் சேனலின் பெயர் 2024 ஜனவரியில் மாறிவிட்டது என்று எத்தனை முறை சொன்னாலும் அம்மாவுக்கு அது பொதிகைதான். வீட்டு வாசலில் நின்றால் எதிரே அந்த மலையே தெரியும்போது நானும் வற்புறுத்துவதில்லை. இந்த ஐப்பசியில் மழை தொடங்கியதும் படம் நின்று நின்று வரத் தொடங்கியது. நான் பாளையங்கோட்டையில் இருப்பதால் முதல் பத்து நாள் தொலைபேசியில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அம்மா சொன்ன ஒரு வரியை அப்போதே சரியாக வாங்கிக்கொண்டிருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும். "ஏட்டி, மழ விட்டு ரெண்டு நாளாச்சு, வெயிலும் சுள்ளுன்னு அடிக்கி, இன்னும் படம் நிக்கி" என்றார்.

கனமழை பெய்யும் நேரத்தில் மட்டும் படம் போய், மழை விட்டதும் தானாக வந்துவிட்டால், அது வானத்தில் நடக்கும் காரியம். அதற்கு நாம் செய்யக்கூடியது அதிகமில்லை. மழை விட்டு வெயில் அடித்த பிறகும் இரண்டு நாள் படம் சரியாக வரவில்லை என்றால், தண்ணீர் எங்கோ உள்ளே புகுந்து தங்கியிருக்கிறது என்று பொருள். இதை நான் கடைசியில்தான் புரிந்துகொண்டேன்.

முதல் தவறு டிஷ்ஷைத் திருப்பியது. காற்றில் அசைந்திருக்கும் என்று எண்ணி, அடையாளம் எதுவும் வைக்காமல் நட்டைத் தளர்த்திவிட்டேன். டிடி ஃப்ரீ டிஷ் சேனல்களை அனுப்பும் செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் இருக்கிறது. நம் ஊரிலிருந்து பார்த்தால் அது கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் இடைப்பட்ட திசையில், ஏறத்தாழ 69 பாகை உயரத்தில், தலைக்கு மேலே என்று சொல்லும்படி நிற்கிறது. விரல் அகலம் திரும்பினாலே சிக்னல் போய்விடும். பழைய இடத்துக்குக் கொண்டுவர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அம்மா கீழே திரையைப் பார்த்து எண்ணைச் சொல்ல, நான் மேலே மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தினேன். இறுதியில் கிடைத்தது தொடங்கிய அதே அளவு: சிக்னல் அளவு 80, தரம் 38. நட்டைத் தொடுவதற்கு முன் கம்பத்திலும் பிடிப்பிலும் சேர்த்து ஒரு கோடு பெயின்டால் இழுத்துவிட்டால் இந்தத் துன்பம் இருக்காது.

அந்த இரண்டு எண்களை அப்போது சரியாகப் படிக்கவும் தெரியவில்லை. அளவு 80 என்பதால் கேபிள் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்தேன். அளவு நிறைய இருந்தும் தரம் குறைந்து கிடந்தால் இணைப்புகளைச் சந்தேகிக்க வேண்டும் என்று இப்போது சொல்வேன். மேலும் உறுதி செய்துகொள்ள, டிஷ் பக்க முனையைக் கழற்றி மல்டிமீட்டரில் வோல்ட் பார்த்தேன். செட்டாப் பாக்ஸ் இதே கேபிள் வழியாகத்தான் 13 அல்லது 18 வோல்ட் மின்சாரத்தை மேலே டிஷ்ஷின் கை நுனியில் சிக்னலை வாங்கும் எல்என்பி என்னும் சிறு கருவிக்கு அனுப்புகிறது. மீட்டர் 13.3 காட்டியது. அதையும் நம்பினேன், அது இரண்டாவது தவறு. மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிகமிகக் குறைவு. அதனால் துருப்பிடித்த இணைப்பு வழியாகவும் வோல்ட் முழுதாகத் தெரியும். எல்என்பி மாட்டப்பட்டு நூறு மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கத் தொடங்கும்போதுதான் அந்த இணைப்பின் பலவீனம் வெளிப்படும்.

உண்மை வெளிப்பட்டது கருப்பு டேப்பைப் பிரித்தபோது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களின் பெருமழைக்குப் பிறகு இணைப்பைச் சரிசெய்ய வந்தவர் போட்டுச் சென்ற கனெக்டர் அது. கேபிளின் மேல் கையால் முறுக்கி ஏற்றும் வகை. அதன் பின்பக்கத்தையும் கேபிளையும் சேர்த்துக் கருப்பு டேப்பை நான்கு சுற்று சுற்றியிருந்தார். வெயிலில் டேப்பின் பசை உருகி, ஓரம் விரிந்து, கை பட்டதும் பிசுபிசுவென்று கழன்று வந்தது. கனெக்டரைக் கேபிளிலிருந்தே திருகிக் கழற்றி முனையைக் கீழே சாய்த்ததும் இரண்டு சொட்டுத் தண்ணீர் என் கையில் விழுந்தது. உள்ளே வெள்ளியாக மின்ன வேண்டிய பின்னல் கம்பிகள் கறுத்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தன. நடுக்கம்பியின் நுனியில் செந்துரு.

ஒரு சாண் வெட்டினால் போதும் என்று நினைத்து வெட்டினேன், உள்ளே இன்னும் கறுப்பு. மறுபடி வெட்டினேன். பின்னலின் இழைகள் விளக்குத் திரியைப் போல் தண்ணீரை உறிஞ்சி இழுத்துச் சென்றிருக்கின்றன. சுத்தமான வெள்ளைப் பளபளப்பு தெரிய மொத்தம் 1.2 மீட்டர் வெட்ட வேண்டியிருந்தது. வெட்டிய பிறகு கேபிள் எல்என்பிக்கு எட்டவில்லை. கைப்பிடிச் சுவர் அருகே ஏற்கெனவே ஒரு ஒட்டு இருந்தது, அதுவும் இதே நிலைதான். முழு நீளத்துக்கும் புதிய கேபிள் என்று முடிவு செய்தது அப்போதுதான்.

வேலையைப் புரிந்துகொள்ள கேபிளின் அடுக்குகளைச் சொல்லிவிடுகிறேன். வீடுகளில் டிஷ்ஷுக்குப் போடுவது ஆர்ஜி-6 என்னும் 75 ஓம் கேபிள், வெளி விட்டம் 7 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நடுவில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கம்பி. அதைச் சுற்றி 4.6 மில்லிமீட்டர் விட்டத்துக்கு வெள்ளை நுரை பிளாஸ்டிக். நுரையின் மேல் ஒட்டிய அலுமினியத் தாள், அதன் மேல் மெல்லிய கம்பிப் பின்னல், எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு உறை. கனெக்டர் போடுவது என்றால் இந்த ஐந்தையும் சரியான இடத்தில் வெட்டி, ஒன்றை ஒன்று தொட வேண்டிய இடத்தில் தொடவும், தொடக்கூடாத இடத்தில் தொடாமலும் நிறுத்துவதுதான். எல்என்பியிலிருந்து கீழே வரும் அலைகள் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளவை. அந்த அதிர்வெண்ணில் கனெக்டரில் உள்ள சிறு பிசகும் சிக்னலின் தரத்தைக் குறைக்கக்கூடும்.

அம்பாசமுத்திரத்தில் ஒரு மின்சாதனக் கடையில் 25 மீட்டர் கேபிள் வாங்கினேன், மீட்டர் 22 ரூபாய். முழுச் செம்பா என்று கேட்டதற்குக் கடைக்காரர், "இல்லம்மா, செம்பு பூசுன இரும்புக் கம்பிதான். கத்தி ஆழமா பட்டுச்சின்னா செம்பு போயிரும், பொறவு துரு ஏறிரும்லா" என்றார். மறைக்காமல் சொன்ன அந்த அண்ணாச்சிக்கு நன்றி சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டியது. முழுச் செம்புக் கம்பி உள்ள கேபிள் ஏறத்தாழ இரு மடங்கு விலை என்பதால் வாங்கவில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கையில் இருந்த பிளேடும் கட்டிங் பிளேயரும் போதும் என்று, ஐந்து ரூபாய் விலையுள்ள முறுக்கு வகைக் கனெக்டர் நான்கை வைத்துத் தொடங்கினேன். முதலாவதில் பிளேடு ஆழமாக இறங்கி நடுக்கம்பியில் வெட்டு விழுந்தது. எல்என்பியில் செருகும்போது அந்த இடத்திலேயே ஒடிந்து, துண்டு உள்ளே தங்கிவிட்டது. அதை எடுக்க மெல்லிய மூக்குள்ள பிளேயரும் அரை மணி நேரப் பொறுமையும் தேவைப்பட்டன. இரண்டாவதில் அலுமினியத் தாள் தேவையற்றது என்று எண்ணி உரித்துவிட்டேன். அந்தத் தாள்தான் முதன்மையான கவசம், அதை நுரையோடு ஒட்டியபடியே விட வேண்டும். மூன்றாவதில் பின்னலின் ஒற்றை இழை, தலைமுடியைவிடச் சற்றே தடிமன், மடங்காமல் முன்பக்கம் நீண்டு நடுக்கம்பியைத் தொட்டுவிட்டது. பெட்டியை இயக்கியதும் எல்என்பி ஷார்ட் என்று திரையில் எழுத்து வந்தது. பெட்டி தன்னைக் காத்துக்கொண்டதால் தப்பித்தேன். அன்று முதல், கனெக்டரைத் தொடும் முன் பெட்டியின் மின்செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுகிறேன். ரிமோட்டில் அணைத்தால் போதாது. நான்காவது நன்றாக உட்கார்ந்தது போல் இருந்தது, ஆனால் மெதுவாக இழுத்ததும் கையோடு வந்துவிட்டது.

அடுத்து, அழுத்தி நசுக்கும் கிரிம்ப் வகைக் கனெக்டர் ஆறு, முப்பது ரூபாய். இதற்கு அறுகோண வாய் உள்ள கிரிம்பிங் கருவி வேண்டும். அது இல்லாமல் பிளேயரால் நசுக்கினேன். வளையம் தட்டையாகி, உள்ளே நுரையும் நசுங்கி, இரு பக்கமும் தண்ணீர் புகும் இடைவெளி விட்டது. ஆறையும் வீணாக்கிய பிறகு நிறுத்திக்கொண்டேன். இந்த வகைக்குச் சரியான கருவி இல்லாமல் இறங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. உலோக வளையத்தை ஆறு பக்கமும் ஒரே அளவில் அழுத்துவதைக் கைப்பிளேயரால் ஒருபோதும் செய்ய முடியாது.

பிறகுதான் கம்ப்ரஷன் வகைக்கு வந்தேன். இதில் கனெக்டரின் பின்பகுதி நீளவாக்கில் உள்ளே தள்ளப்பட்டு, கேபிளின் உறையை வட்டமாக, எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இறுக்கிப் பிடிக்கிறது. தண்ணீர் புகும் வழி அநேகமாக அடைபட்டுவிடுகிறது. கருவி உள்ளூர்க் கடைகளில் கிடைக்கவில்லை. தபாலில் வரவழைத்தேன், 690 ரூபாய். பத்துக் கனெக்டர் 180 ரூபாய். இரண்டு பிளேடு பொருத்திய சுழற்று ஸ்ட்ரிப்பர் 140 ரூபாய், அதைத் திருநெல்வேலி சந்திப்பு அருகே ஒரு கடையில் வாங்கினேன்.

ஸ்ட்ரிப்பரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வேலையின் தரம் முழுவதும் இங்கேதான் தீர்மானமாகிறது. துணிக்கிளிப்பைப் போல் வாய் திறக்கும். ஒரு பிளேடு நடுக்கம்பி வரை இறங்குவது, மற்றொன்று உறையை மட்டும் வெட்டுவது, இரண்டுக்கும் இடையே கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். வாங்கியபடியே பயன்படுத்தியதில் ஆழப் பிளேடு செம்புப் பூச்சைச் சுரண்டியது. கண்ணுக்குத் தெரியவில்லை. அம்மா பஞ்சாங்கம் படிக்கும் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தபோதுதான் கம்பியைச் சுற்றி மெல்லிய சாம்பல் நிற வளையம் தெரிந்தது. ஆலன் சாவியால் பிளேடை மேலே ஏற்றி, பழைய கேபிள் துண்டில் சோதித்து, மறுபடி ஏற்றி, ஏழாவது துண்டில் வளையம் மறைந்தது. இப்போது நுரையின் கடைசி மெல்லிய படலம் வெட்டுப்படாமல் நிற்கிறது, நகத்தால் திருகி இழுத்தால் சுத்தமாக வந்துவிடுகிறது. கேபிளைப் பிடித்து, ஸ்ட்ரிப்பரை அழுத்தாமல் மூன்று சுற்று ஒரே திசையில் சுற்றி, வாயைத் திறந்து எடுக்க வேண்டும். மூடியபடியே இழுத்தால் பிளேடு கம்பியின் மேல் உரசிக்கொண்டு வரும்.

பின்னலை விரல் நுனியால் கலைத்து, உறையின் மேல் பின்னோக்கி மடித்துவிட வேண்டும். ஒவ்வொரு இழையும் பின்னால் போயிருக்கிறதா என்று வெளிச்சத்தில் சுற்றிப் பார்ப்பது அவசியம். அலுமினியத் தாளின் ஓரம் எழும்பியிருந்தால் நகத்தால் நீவி ஒட்டவைக்க வேண்டும், இல்லாவிட்டால் கனெக்டர் ஏறும்போது அதன் உள்குழாய் தாளைச் சுருட்டித் தள்ளும். உள்குழாய் போக வேண்டிய இடம் தாளுக்கும் பின்னலுக்கும் இடையே. கனெக்டரை ஏற்றக் கை வலிமை வேண்டும். காலைக் குளிரில் உறை விறைத்து ஏறவே இல்லை. நடுப்பகலில் கேபிளைப் பத்து நிமிடம் வெயிலில் போட்டுவிட்டு, துண்டால் பிடித்து, இடவலமாக ஆட்டி ஆட்டித் தள்ளியபோது ஏறியது. முன்பக்கம் எட்டிப் பார்த்தால் வெள்ளை நுரை கனெக்டரின் உள்தரையோடு சமமாக நிற்க வேண்டும். பள்ளமாகத் தெரிந்தால் இன்னும் தள்ள வேண்டும். நடுக்கம்பி நட்டின் விளிம்பைத் தாண்டி 2 முதல் 3 மில்லிமீட்டர் நீண்டால் போதும். இவை சரியாக இருந்த பிறகே கருவியில் வைத்து, கைப்பிடியை முழுதாக, ஒரே மூச்சில் அழுத்த வேண்டும். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். பாதியில் விட்டு மறுபடி அழுத்திய ஒன்று கோணலாக உட்கார்ந்தது.

ஒரு முனையை அருமையாக முடித்து, மழைநீர் தடுக்கும் ரப்பர் மூடியை எடுத்தபோதுதான் அதை முதலில் கேபிளில் கோத்திருக்க வேண்டும் என்பது உறைத்தது. கனெக்டர் போட்ட பின் அது ஏறாது. நல்ல கனெக்டரை வெட்டி எறிய வேண்டியதாயிற்று. இப்போது ரப்பர் மூடியைக் கோத்த பிறகுதான் ஸ்ட்ரிப்பரைக் கையில் எடுக்கிறேன்.

இரு முனைகளும் முடிந்ததும், டிஷ்ஷில் மாட்டும் முன்பே மீட்டரில் சோதித்தேன். மறுமுனை திறந்திருக்க, நடுக்கம்பிக்கும் கனெக்டர் உடலுக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. பிறகு மறுமுனையில் இரண்டையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்துப் பார்த்தால் இரண்டரை ஓமுக்கும் மூன்று ஓமுக்கும் இடையே காட்டியது. 21 மீட்டர் செம்பு பூசிய கம்பிக்கு இது எதிர்பார்க்கக்கூடியதே. கேபிளை ஆட்டியபோதும் எண் குதிக்கவில்லை. கனெக்டரைப் பிடித்து ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கும் அளவுக்கு இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

மாடியில் கையால் திருகி, முடிந்த இடத்திலிருந்து 11 மில்லிமீட்டர் ஸ்பேனரால் ஆறில் ஒரு சுற்று மட்டும் இறுக்கினேன். இணைப்பின் மேல், பசை இல்லாமல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடா. அதை இரு மடங்கு நீளும்படி இழுத்துச் சுற்றினால்தான் ஒன்றாகிப் பிடிக்கும். கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். ஓட்டுக் கூரையில் கீழ் வரிசையின் மேல் மேல் வரிசை ஏறி நிற்பது போல், ஒவ்வொரு சுற்றும் கீழ்ச்சுற்றின் மேல் ஏறி நின்றால் நீர் வழிந்து ஓடிவிடும். முன்பு வந்தவர் போட்ட டேப் மேலிருந்து கீழாகச் சுற்றப்பட்டிருந்தது, அதன் ஒவ்வொரு மடிப்பும் தண்ணீரை ஏந்திக்கொள்ளும் வாய்க்காலாக இருந்தது. ரப்பர் நாடாவை வெயிலிலிருந்து காக்க மேலே சாதாரணக் கருப்பு டேப் இரண்டு அடுக்கு. இணைப்புக்கு அடுத்து கேபிளை ஒரு சாண் தொங்கவிட்டு வளைத்தேன். கேபிளில் வழியும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், சுவர்த் துளைக்கு முன்பும் அதே போல் ஒரு வளைவு. ஆனி ஆடிக் காற்றில் கேபிள் அடித்துக்கொள்ளாமல் டிஷ்ஷின் கையோடு மூன்று இடத்தில் கட்டினேன். பாபநாசம் பக்கத்துக் குரங்குகள் மாடிக்கு வந்து கையில் பட்டதை இழுப்பது எங்களுக்குப் பழக்கம் என்பதால், கைப்பிடிச் சுவர் வரையிலான பகுதியை வீட்டில் கிடந்த பிவிசி குழாய்க்குள் விட்டேன்.

பெட்டியை இயக்கினோம். அளவு 84, தரம் 72. ஒரு சொம்புத் தண்ணீரை இணைப்பின் மேல் மெல்ல ஊற்றிக்கொண்டே அம்மாவைப் பார்க்கச் சொன்னேன். பத்து நிமிடமும் 72 தான்.

செலவு: கேபிள் 550, கனெக்டர் 180, ஸ்ட்ரிப்பர் 140, கம்ப்ரஷன் கருவி 690, ரப்பர் நாடா 160, கருப்பு டேப் 15, கட்டும் பட்டை 40, ஆக 1775 ரூபாய். வீணான முறுக்கு வகையும் கிரிம்ப் வகையும் சேர்த்தால் 1825. கருவிகள் மீதமிருக்கின்றன, அவற்றை நான் செலவாகவே நினைக்கவில்லை.

மறுபடி செய்தால் சில மாற்றங்கள் உண்டு. முழுச் செம்புக் கேபிளை வாங்குவேன். 21 மீட்டருக்குக் கூடுதலாகும் ஐந்நூறு ரூபாய்க்குள், பிளேடு கீறினாலும் இரும்புத் துரு ஏறாத கம்பி கிடைக்கும், எல்என்பிக்குப் போகும் மின்சாரத்தில் இழப்பும் குறையும். டிஷ் பக்க முனையை மாடியில் குந்தியிருந்து போடாமல், தரையில் வெளிச்சமான இடத்தில் போட்டு மேலே கொண்டுபோவேன். சுவர்த் துளையைக் கனெக்டர் நுழையும் அளவுக்குப் பெரிதாக்க வேண்டியிருந்தாலும் அதுவே நல்லது. கேபிளின் உலோகக் கவசத்தை வீட்டு எர்த்தோடு சேர்க்கும் இணைப்பை இன்னும் போடவில்லை. ஐப்பசி மாலைகளில் மலைப்பக்கம் இடி இறங்கும் ஊரில் அதைத் தள்ளிப்போடக் கூடாது. அடுத்த வருகையில் அதுதான் முதல் வேலை.

அம்மாவிடம் ரிமோட்டில் சிக்னல் பக்கத்தைத் திறக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். மழை பெய்த மறுநாள் காலையில் தரத்தின் எண்ணைப் பார்த்து, நாட்காட்டித் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைக்கிறார். இதுவரை 71, 72, 70, 72.